சுரியும் கலங்கல் நீரும்: திருகோணமலைக் களப்புகளில் நீரடித் தாவரங்களைக் கணக்கெடுக்கும் முறை

கடற்புல் (கடலடியில் வேரூன்றி வளரும் பூக்கும் தாவரம்) கணக்கெடுப்புக்கான கையேடுகளில் பெரும்பாலானவை தெளிந்த நீரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முகமூடி அணிந்து மிதந்தபடி கீழே பார்த்து எழுதலாம் என்பதே அவற்றின் எடுகோள். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைச் சுற்றி அது சரிவரும். தம்பலகாமம் குடாவிலும், கிண்ணியாவின் உட்கரையிலும், மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியார்க் குடாவில் விழும் இடத்தை அண்டிய கழிகளிலும் முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே சொந்தப் பாதம் தெரியாத நாட்கள் உண்டு. அங்கே கையும் வாரியும்தான் முதற் கருவிகள். கண் அவற்றுக்குப் பின்னால்தான்.

இன்னொன்றும் வேறு. தெளிந்த கடலில் உள்ள கடற்புல் திடல் ஆண்டு முழுதும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். உவர்நீர்ச் சேற்றில் அப்படி இல்லை. மாரி வெள்ளம் இறங்கினால் உப்பு குறையும், நீர் கலங்கும், ஒரு தாவரம் மறையும், அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். ஒரே தரம் போய்ப் பார்த்துவிட்டு “இங்கே புல் இல்லை” என்று எழுதுவதில் பயனில்லை. ஆகவே ஒரு இடத்தை ஆண்டில் நான்கு தடவையாவது பார்க்க முடியுமானால் மட்டும் தெரிவு செய்யுங்கள். பத்து இடத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட இரண்டு இடத்தை நான்கு தடவை பார்ப்பது மேல்.

எப்போது போவது

வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். மார்ச்சில் நீர் தெளியத் தொடங்கும். முதல் கணக்கெடுப்பை அப்போது வையுங்கள். இரண்டாவது யூலை அல்லது ஓகஸ்ட், உப்பு உச்சத்தில் இருக்கும் காலம். மூன்றாவது ஒக்ரோபர் தொடக்கம், மழைக்கு முன். நான்காவது ஜனவரி கடைசி, வெள்ளம் வடிந்த பின். இந்த நான்கில் ஒன்றைக் கட்டாயம் விட வேண்டி வந்தால் ஜனவரியை மட்டும் விடாதீர்கள். மற்ற மூன்றும் என்ன இருக்கிறது என்று காட்டும். ஜனவரிதான் எது தாக்குப் பிடித்தது என்று காட்டும்.

நேரம் காலை ஆறு முதல் ஒன்பதரை வரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்குப் பிறகு களப்பில் அலை எழும்பிச் சேற்றைக் கிளறிவிடும். வற்றை நம்பி அதிகம் திட்டமிட வேண்டாம். திருகோணமலையில் அமாவாசை, பறுவ நாட்களிலும் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்குக் குறைவு. குடாவின் உள்ளே அது இன்னும் தணிந்தும் பிந்தியும் வரும். துறைமுகத்துக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையை அப்படியே உட்களப்புக்குப் பொருத்தினால் பிழைக்கும். கரையோரம் அளவு குறித்த தடி ஒன்றை நட்டு, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் நீர்மட்டத்தை எழுதுங்கள். எல்லா ஆழ அளவுகளையும் பிறகு அதைக் கொண்டு சரிசெய்யலாம்.

போகுமுன் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொல்லுங்கள். எங்கே வலை கட்டியிருக்கிறது, எங்கே சுரி ஆளை இழுக்கும், எந்தக் கழியில் முதலை நடமாட்டம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உள்துறைமுகமும் சீனக்குடாவும் கடற்படை, விமானப்படைத் தளங்கள் உள்ள பகுதிகள். அங்கே எழுத்து மூல அனுமதி இல்லாமல் தோணியும் கமராவும் கொண்டுபோக வேண்டாம். தாவரம் பிடுங்கி எடுப்பதாக இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் கடற்றொழில் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கருவிகள்

சதுரச் சட்டம்: அரை அங்குல பிவிசி பைப்பில் நான்கு துண்டு, நான்கு முழங்கை இணைப்பு. உள்ளளவு 50 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் வர வேண்டும். பைப்பை 50 சென்ரிமீற்றராக வெட்டினால் இணைப்புகள் சேர்ந்து உள்ளளவு கூடிவிடும். பசை பூசுமுன் பொருத்தி, உள்ளே அளந்து, பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கைந்து துளை போட்டால் நீர் புகுந்து தானே தாழும். துளையில்லாச் சட்டம் மிதந்து நகரும். தங்கூசி நூலை 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இரு திசையிலும் இழுத்துக் கட்டுங்கள். 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் மொத்தப் பரப்பில் 4 சதவீதம். நூல் தடிப்பாக இருப்பது நல்லது, விரலுக்குத் தெரிய வேண்டும்.

வாரி: தோட்டத்து இரும்பு வாரித் தலைகள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, இரண்டரை மீற்றர் தடியில் பொருத்துங்கள். தடியில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு வரி. ஆழம் அளக்கவும் இதுவே போதும். பல்லிடையில் சிறிய இலைகள் நழுவிவிடும் என்பதால் ஒரு பக்கத் தலையில் மட்டும் ஒரு சென்ரிமீற்றர் கண் உள்ள பழைய வலைத்துண்டைத் தைத்துவிடுங்கள்.

பார்வை வாளி: 20 லீற்றர் பெயின்ற் வாளியின் அடியை, விளிம்பில் இரண்டு விரலளவு விட்டு வெட்டி, 4 மில்லிமீற்றர் தெளிந்த அக்ரிலிக் தகட்டை சிலிக்கனால் ஒட்டுங்கள். ஒரு முழுநாள் காய விடுங்கள். உட்புறம் கறுப்புப் பூச்சு. இது மார்ச்சில் கைகொடுக்கும், டிசம்பரில் பாரமாக மட்டும் இருக்கும்.

செக்கித் தட்டு (நீரின் தெளிவை அளக்க): 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தகடு, நாலு கால்வட்டமாகப் பிரித்து கறுப்பு வெள்ளை மாறி மாறிப் பூசி, கீழே ஒரு பாரம் கட்டியது. கயிற்றுக்குப் பதில் அளவு குறித்த மெல்லிய தடியில் பொருத்தினால் ஓட்டத்தில் சாயாது.

இவற்றோடு உப்பு அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீற்றர், 50 மீற்றர் நாடா மூன்று, பென்சில், மணற்தாளால் உரசிய வெள்ளை பிவிசி பலகை. பேனை வேண்டாம். தடித்த றப்பர் கையுறை கட்டாயம். தம்பலகாமம் குடா பிளகூனா என்ற தட்டைச் சிப்பிக்குப் பெயர்போனது, அதன் உடைந்த ஓடு சேற்றுக்குள் கத்தியாகக் கிடக்கும். ஆனால் விரல்நுனி தெரியாவிட்டால் தாவரத்தை அறிய முடியாது. அதனால் கையுறையின் பெருவிரல், சுட்டுவிரல் நுனிகளை ஒரு கையில் மட்டும் வெட்டிவிடுங்கள்.

முதலில் நீர், பிறகு தாவரம்

சேற்றில் இறங்கியதும் நீர் கலங்கிவிடும். ஆகவே நீர் அளவுகள் எல்லாம் இறங்குவதற்கு முன்னே, தோணியில் இருந்தபடியே.

உப்பை மேற்பரப்பில் மட்டும் அளப்பது இந்தக் களப்புகளில் பரவலாக நடக்கும் பிழை. நன்னீர் இலேசானது, மேலே பரவி நிற்கும். மேலே ஆயிரத்துக்கு 8 காட்டும் இடத்தில் அடியில் 22 இருக்கலாம். வேரும் இலையும் வாழ்வது அடிநீரில். அரை லீற்றர் போத்தல் ஒன்றைத் தடியில் இறுகக் கட்டி, வாயை றப்பர் அடைப்பானால் மூடி, அடைப்பானில் ஒரு நூல் கட்டுங்கள். போத்தல் வாய் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கும் ஆழத்தில் வைத்து நூலை இழுத்தால் அடிநீர் நிரம்பும். அதில் ஒரு துளி. ரிஃப்ராக்டோமீற்றரை அன்று காலையிலேயே காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குச் சரிசெய்திருக்க வேண்டும், வெயிலில் சூடேறவும் விடக்கூடாது.

தம்பலகாமத்துக்கு ஒரு தனிக் குறிப்பு: கந்தளாய்க்குளத்து நீர் பாயும் வயல்களின் வடிகால் குடாவை நோக்கித்தான் வருகிறது. சிறுபோகத்தில், மழையே இல்லாத நாளிலும், வாய்க்கால் முகத்தில் உப்பு சட்டென்று குறையலாம். வயல் உரம் சேர்ந்து வந்தால் இலைகளின் மேல் நூல்பாசி அடர்ந்து பிடிக்கும். அங்கே வைக்கும் கணக்கெடுப்புக் கோடும் அரைக் கிலோமீற்றர் தள்ளி வைக்கும் கோடும் இரண்டு வேறு களப்புப்போல நடந்துகொள்ளும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

செக்கித் தட்டை நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, மறையும் ஆழத்தையும் மீண்டும் தெரியும் ஆழத்தையும் சராசரி எடுங்கள். தட்டு அடியைத் தொட்டும் தெரிகிறதென்றால் அந்த ஆழத்தை எழுதி, முன்னால் “>” குறி போடுங்கள். இந்த ஒரு எண்ணிலிருந்து நிறையக் கறக்கலாம். வேரூன்றிய கடற்புற்கள் பலவற்றுக்கு மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடிக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்குப்படி அது செக்கி ஆழத்தின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை. தட்டு 60 சென்ரிமீற்றரில் மறைந்தால், 80 அல்லது 90 சென்ரிமீற்றருக்குக் கீழே அடர்ந்த திடலை எதிர்பார்க்க வேண்டாம். ஹாலோஃபிலா போன்ற சிறிய இனங்கள் மட்டும் இன்னும் சற்றுக் கீழே போகும். இலைமேல் சேறும் பாசியும் படிந்திருந்தால் எல்லை இன்னும் மேலே வரும். அதனால் கணக்கெடுப்புக் கோட்டை எங்கே வைப்பது என்பதை முந்திய நாளின் செக்கி அளவே பாதி முடிவு செய்துவிடும்.

அடிமண்ணையும் இப்போதே பாருங்கள். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை ஒரு சாண் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து இழுங்கள். மேலே மண்ணிறப் படை, கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். மண்ணிறப் படையின் தடிப்பை மில்லிமீற்றரில் எழுதுங்கள். கறுப்புப் படையில் ஒட்சிசன் இல்லை. அங்கே சல்பைட் சேர்கிறது, அது வேருக்கு நஞ்சு. கடற்புல் தன் வேர் வழியாக ஒட்சிசனைக் கசியவிட்டு அதை விலக்கி வைக்கும். இலையில் ஒளி விழாமல் போனால் அந்தக் காப்பு தளரும். இலை பச்சையாக இருக்கும்போதே மண்ணிறப் படை ஒவ்வொரு தடவையும் மெலிந்துகொண்டு வந்தால் திடல் தொல்லையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கோடு போடுதல்

சீகிராஸ்-வாட்ச் என்ற உலகளாவிய முறை எளிமையானது, மற்ற நாடுகளின் தரவோடு ஒப்பிடவும் உதவும்: 50 மீற்றர் கோடு மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீற்றர் இடைவெளி, 5 மீற்றருக்கு ஒரு சட்டம். கோட்டுக்கு 11, மொத்தம் 33. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இரண்டு மாற்றத்தோடு.

முதலாவது, திசை. ஓட்டமும் காற்றும் எந்தப் பக்கம் போகிறதோ அந்த முனையில் தொடங்கி, எதிர்த்து நடவுங்கள். நீங்கள் கிளறும் சேறு பின்னால் போகும். மறுதலையாக நடந்தால் ஒவ்வொரு சட்டத்தையும் உங்கள் சொந்தப் புழுதிக்குள்தான் பார்ப்பீர்கள். மென்சேறு அடங்க அரைமணி நேரமும் ஆகும், காத்திருந்து தீராது. நாடாவுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் நடந்து, மற்றப் பக்கத்தில் சட்டம் வையுங்கள்.

இரண்டாவது, அடையாளம். நீட்டி நிற்கும் கம்பு வலையைக் கிழிக்கும், படகையும் கிழிக்கும். மூன்று நாளில் பிடுங்கப்பட்டும் விடும், அதில் நியாயமும் உண்டு. பைப் துண்டை சேற்று மட்டத்துக்கு அறைந்துவிட்டு, கரையில் இரண்டு சோடிக் குறிகளை நேர்கோட்டில் பிடியுங்கள்: பனைமரத்துக்குப் பின்னால் கோபுரம், பள்ளிவாசல் மினாராவுக்கு முன்னால் தொலைத்தொடர்புக் கோபுரம் என்று. இரண்டு நேர்கோடும் வெட்டும் இடம்தான் முனை. தொலைபேசி ஜிபிஎஸ் ஐந்து மீற்றர் வரை ஆடும், கரைக்குறி ஆடாது. ஆனாலும் ஜிபிஎஸ்ஸை ஐந்து தசம தானத்தோடு எழுதி வையுங்கள். கம்புக்காகக் கண்டல் கிளை முறிக்க வேண்டாம்.

கையால் பார்ப்பது

சட்டம் வைத்ததும் முதலில் நீர்மேல் எட்டிப் பாருங்கள். இலை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பரப்பு மூடலைச் சதவீதமாக மதிப்பிடுங்கள். தெரியவில்லையென்றால் மதிப்பிடவே கூடாது; 25 கட்டங்களையும் விரலால் தடவி, எத்தனை கட்டத்தில் வேரூன்றிய தாவரம் இருக்கிறதென்று எண்ணுங்கள். இது நிகழ்வெண், மூடல் அல்ல. 25 கட்டத்திலும் ஒவ்வொரு முளை இருந்தால் நிகழ்வெண் நூறு சதவீதம், மூடலோ ஐந்து சதவீதமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். மார்ச்சில் கண்ணாலும் ஜனவரியில் கையாலும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால், பார்க்கும் விதம் மாறியதே தாவரம் மாறியதுபோலத் தோன்றும். பாதுகாப்பான வழி: தெளிந்த நாளிலும் கையால் ஒரு தரம் எண்ணிவிடுவது.

தடவும் முறை இது. கையைத் தட்டையாகச் சேற்றின் மேல் வைத்து, விரல் விரித்து, மெல்ல நகர்த்துங்கள். தட்டுப்படும் இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து அடியை நோக்கி வழியுங்கள். மெல்ல இழுங்கள். வந்துவிட்டால் அது மிதந்து வந்து தங்கிய குப்பை, கணக்கில் சேராது. கரைக்கு ஒதுங்கும் சாதாளை உட்களப்புக்குள் அடித்து வரப்பட்டு அடியில் படிந்து கிடப்பது சாதாரணம். பிடிவாதமாக நின்றால் வேரூன்றியது.

நீண்ட இலை இனங்களில் இன்னொரு பொறி. ஆழம் குறைந்த நேரத்தில் இலை சாய்ந்து படுத்துவிடும். பக்கத்துச் செடியின் இலையும் சட்டத்துக்குள் விழும், மூடல் இரண்டு மடங்காகத் தெரியும். சட்டத்துக்கு உள்ளே வேர் உள்ளதை மட்டும் எண்ணி, வெளியில் வேர் உள்ளதைத் தூக்கி வெளியே போடுங்கள். உயரத்துக்கு மூன்று முளைகளின் இலைகளை நிமிர்த்தி, சேற்றிலிருந்து நுனிவரை அளந்து சராசரி எடுங்கள். மிக நீண்ட ஐந்தில் ஒரு பங்கு இலைகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது வழக்கம்.

எதை எதிர்பார்ப்பது, எப்படிப் பிரித்தறிவது

உப்பு அளவே முதற் சல்லடை. அடிநீர் ஆயிரத்துக்கு 5க்குக் கீழே நிற்கும் ஓரங்களில் காரா, நஜாஸ் மரினா, ஸ்டுக்கெனியா பெக்டினாட்டா போன்றவை. அதற்கு மேலே ரூப்பியா மரிட்டிமா, ஹாலோடியூல், ஹாலோஃபிலா. களப்பு கடலோடு சேரும் வாயை நோக்கிப் போகப் போக, உப்பு கடல்நீரின் அளவான 35ஐ நெருங்கும் இடங்களில், எனலஸ், தலஸ்ஸியா, சைமோடோசியா. இது வேலி இல்லை, சரிவுதான். ரூப்பியா ஏறக்குறைய நன்னீரிலும் கிடைக்கும், கடலைவிட உப்பான உப்பளத்து வாய்க்காலிலும் கிடைக்கும்.

எனலஸ் அகோராய்டிஸில் பிழைவிட முடியாது. ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகல வார் இலை, ஒரு மீற்றரையும் தாண்டும், விளிம்பு தடித்து உட்சுருண்டிருக்கும். அடித்தண்டைத் தொட்டால் கறுத்த முரட்டு நார்கள் குத்தும். இந்த இனத்துக்குள் வாரி போடாதீர்கள். அதன் வேர்த்தண்டு மிக மெதுவாக வளரும், பிடுங்கிய இடம் நெடுங்காலம் வெறுமையாகக் கிடக்கும்.

தலஸ்ஸியா ஹெம்பிரிச்சியியின் இலை சற்று வளைந்த வார். வெளிச்சத்தில் பிடித்தால் செம்மண்ணிறச் சிறு கோடுகள் தெரியும். வேர்த்தண்டில் நெருக்கமான வடுக்கள். சைமோடோசியா செருலாட்டாவின் நுனி பல்பல்லாக இருக்கும், ரோட்டண்டாட்டாவின் நுனி மழுங்கி வழவழப்பாக இருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் பல் தெரியும் என்பார்கள், இந்த நீரில் அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது நல்லது. சிரிங்கோடியம் மட்டும் உருளை இலை. இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் இடியப்ப நூல்போல உருளும். சேற்றின் உள்ளே இதை அதிகம் காண மாட்டீர்கள். கண்டால் கடல்நீர் நன்றாக உள்ளே வருகிறது.

சிக்கல் மெல்லிலை இனங்களில்தான். ஹாலோடியூலையும் ரூப்பியாவையும் கையில் எடுத்தால் இரண்டும் ஒரே பச்சை நூல். மூன்று இடங்களைப் பாருங்கள். நுனி: ஹாலோடியூல் யுனினெர்விஸின் நுனியில் மூன்று பல், பினிஃபோலியாவில் மழுங்கிய நுனி, ரூப்பியா நுனி படிப்படியாகக் கூர்ந்து முடியும், ஓரத்தில் நுண்பற்கள். தண்டு: ஹாலோடியூலில் இலைகள் அடியிலுள்ள குட்டை முளையிலிருந்து எழும்பும், ரூப்பியா நீருக்குள் கிளைவிட்டு உயரும், இலைகள் கிளை நெடுகத் தள்ளித் தள்ளி. காய்: ரூப்பியாவில் தனித்தனிக் காம்பில் நிற்கும் சிறு துளிவடிவக் காய்கள் கொத்தாக இருக்கும். காய் உள்ள காலத்தில் வேறு சாட்சி தேவையில்லை. பத்து மடங்கு கைவில்லை இல்லாமல் நுனியைத் தீர்மானிக்க வேண்டாம். பல இலைகளின் நுனி முறிந்தோ மேயப்பட்டோ இருக்கும். இளம் இலையைத் தேடுங்கள், ஐந்து இலையாவது பாருங்கள். முடிவு வராவிட்டால் “மெல்லிலை, உறுதியில்லை” என்று எழுதுவது மதிப்புள்ள பதிவுதான்.

ஹாலோஃபிலா ஓவாலிஸ் சோடி சோடியாக முட்டைவடிவ இலை, நடுநரம்பிலிருந்து இருபக்கமும் குறுக்கு நரம்புகள். சேறு படிந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் துடைத்து நரம்பை எண்ணுங்கள். ஹாலோஃபிலா பெக்காரியியை விசேடமாகத் தேடுங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றர்ச் செடி; நிமிர்ந்த சிறு தண்டின் நுனியில் ஈட்டி வடிவ இலைகள் ஐந்து முதல் பத்து வரை கொத்தாக, குறுக்கு நரம்பு இல்லை. கண்டல் ஓரத்து மென்சேற்றில், வற்றில் வெளிப்படும் இடத்தில் வளரும் இயல்புடையது. உலக அளவில் அழியும் ஆபத்துக்கு உட்பட்டதாகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நடந்து போகும்போது மிதித்துவிட்டுப் போகக்கூடிய அளவு சிறியது, ஆகவே ஓரத்தில் முதலில் குனிந்து பாருங்கள், பிறகு இறங்குங்கள்.

காரா தாவரமல்ல, பாசி இனம். ஆனாலும் பதிவில் சேர்க்க வேண்டும். தண்டில் வளையம் வளையமாகக் கிளை, கையில் பிடித்தால் சுண்ணப் படிவால் நறநறக்கும், நசித்தால் பூண்டு நெடி. நஜாஸ் மரினா முறுகலானது, இலையோரத்தில் முள். காலர்ப்பா என்ற பச்சைப்பாசி ஓடுதண்டு விட்டுப் படர்வதால் கடற்புல்லாக எண்ணப்படுவது அடிக்கடி நடக்கிறது. அதன் ‘இலையில்’ நரம்பும் இல்லை, உண்மையான வேரும் இல்லை. கிரேசிலேரியா, அதாவது கஞ்சிப்பாசி, நூலாக இருந்தாலும் இலையற்றது, கிளைத்தது, பெரும்பாலும் மண்சிவப்பு. இவற்றை “பாசி மூடல்” என்ற தனி நிரலில் எழுதுங்கள்.

ஆழத்தில் வாரி

இடுப்புக்கு மேலே நீர் வந்தால் சட்டத்தை விடுங்கள். தோணியில் நின்று வாரியை அடிவரை இறக்கி, ஒரு மீற்றர் தூரம் இழுத்து, அரைச் சுற்றுத் திருகி நேராகத் தூக்குங்கள். பல்லில் சில இழை மட்டும் என்றால் 1, பல் பாதி மூடினால் 2, பல்லே தெரியாவிட்டால் 3, எதுவும் இல்லையென்றால் 0. தோணியின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு தரம். கிளைத்துச் சிக்கும் ரூப்பியாவையும் நஜாஸையும் காராவையும் வாரி மிகையாகக் காட்டும், ஹாலோஃபிலாவைக் குறைத்துக் காட்டும். வலைத்துண்டு தைத்தது அதற்காகத்தான். வாரி எண்ணையும் சட்டத்து எண்ணையும் ஒன்றாகக் கூட்ட வழியில்லை, முயல வேண்டாம். ஆழமற்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடாமல் தோணியை மரக்கோலால் தாங்கி நகர்த்துங்கள். விசிறி வெட்டிய தடம் நேர்கோடாகத் திடலுக்குள் நெடுநாள் தெரியும்.

படம் எடுக்க ஒரு உத்தி: இறுக மூடும் தெளிந்த பிளாஸ்ரிக் பெட்டியில் வீட்டுக் குழாய்நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, அதைத் தாவரத்தின் மேல் அழுத்தி, பெட்டி வழியாகப் படம் எடுங்கள். கலங்கல் நீர் விலகிவிடும், நடுவில் தெளிந்த நீர் மட்டும்.

மாதிரி எடுத்தல்

இடத்துக்கு இனம் ஒன்றுக்கு ஒரு மாதிரி போதும், சட்டத்துக்கு வெளியிலிருந்து. இலையை மட்டும் பறித்தால் பயனில்லை. வேர்த்தண்டோடு இரண்டு மூன்று முளை வேண்டும். களப்பு நீரிலேயே சேற்றைக் கழுவி, அதே நீரோடு பையில் போட்டு நிழலில் வையுங்கள். வீட்டில் நன்னீரில் ஒரு கணம் அலசுங்கள். அலசாவிட்டால் உப்பு ஈரத்தை இழுத்துக் கடதாசி காயவே காயாது. தட்டத்து நீரில் மிதக்கவிட்டு, அடியில் தடித்த கடதாசியை நுழைத்து, விரித்தபடி தூக்கி, மேலே மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் பத்திரிகைத்தாள், அதற்குமேல் பாரம். பத்திரிகைத்தாளை முதல் மூன்று நாளும் தினமும் மாற்றுங்கள். காராவைக் காய வைத்தால் நொறுங்கும், அதை எழுபது சதவீத அல்ககோலில் போத்தலில் இடுவது நல்லது. இனம் உறுதியாகாதவற்றைத் கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆசிரியர்களிடம் காட்டலாம்.

சேற்றில் கவனம்

தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம். காலைத் தூக்கி வைக்காமல் அடியோடு தேய்த்து நகர்த்துங்கள், திருக்கை விலகிப் போகும். முள் ஏறிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்தக் காலை அரைமணிக்கு மேல் வைத்திருந்து, மருத்துவமனைக்குப் போங்கள். தொடைவரை சுரியில் இறங்கிவிட்டால் நிமிர்ந்து உதைக்க வேண்டாம். பின்பக்கம் சாய்ந்து உடற்பாரத்தைப் பரப்பி, காலை ஒவ்வொன்றாக மெல்லச் சுழற்றி எடுங்கள். ஒருவர் கையில் எப்போதும் அகலப் பலகை ஒன்று இருக்கட்டும். ஆற்றுமுகங்களிலும் கண்டல் வாய்க்கால்களிலும் உவர்நீர் முதலை வரக்கூடும். அந்த இடங்களில் தோணியை விட்டு இறங்காமல் வாரியால் மட்டும் வேலை செய்யுங்கள், விடியலிலும் அந்தியிலும் அதுவும் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிந்திய வாரங்களில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு, காயம் ஆறும்வரை கரையில் எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவும் பின்வேலையும்

தாளில் மூன்று குறிகளைப் பிரித்து வையுங்கள். தேடி இல்லையென்றால் 0. தேடாமல் விட்டால் கோடு. தேடியும் தீர்மானிக்க முடியாவிட்டால் கேள்விக்குறி. வெறும் கட்டம் எதுவும் இருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு வெறும் கட்டத்தைப் பார்ப்பவர் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்வார், அதோடு ஒரு திடல் ‘அழிந்துபோகும்’. தாளை அன்று மாலையே படம் எடுத்து, ஈரம் காயுமுன் எண்களைச் சரிபாருங்கள். சட்டத்தைத் தடவியவர் யார் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேர் ஒரே சட்டத்தைத் தனித்தனியே எண்ணி, வித்தியாசம் மூன்று கட்டத்துக்கு மேல் போனால் அன்றைய வேலை தொடங்குமுன் இருவரும் சேர்ந்து இன்னும் இரண்டு சட்டம் பயிற்சி எடுக்க வேண்டும்.

கரை ஏறியதும் வாரி, வலைத்துண்டு, சட்டம், தோணியின் உட்புறம் எல்லாவற்றையும் அதே களப்பு நீரில் கழுவி, வீட்டில் நன்னீரில் இன்னொரு தரம் கழுவி, வெயிலில் முழுதும் காயவிடுங்கள். நஜாஸ் முறிந்த துண்டிலிருந்தே முளைக்கும். குளத்தில் பாவித்த வாரியில் சல்வீனியா என்ற மிதக்கும் களை ஒட்டியிருந்தால் களப்பின் நன்னீர் மூலைக்கு அது போய்ச் சேரும். குளத்துக்கு ஒன்று, களப்புக்கு ஒன்று என்று இரண்டு வாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.